வெரி சீரியஸ்லி

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரசு அலுவலகத்தில் எல்லாக் காரியமும் தமிழில்தான் நடந்தது. கோபம் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தது 1976-ல், திருநெல்வேலிச் சீமையில் ஒரு வருவாய்த்துறை அலுவலகத்தில். அங்கே டீ வாங்கிவரச் சொல்வது தமிழ். லீவு கேட்பது தமிழ். பட்டா மாறுதலுக்கு வந்த சம்சாரியை ‘நாளைக்கு வாரும்’ என்று அனுப்பிவைப்பது மிக நல்ல தமிழ். ஆனால் ஆபீசருக்கு எவன் மேலாவது கோபம் மூண்டுவிட்டால் அது வாய்வழியே வராது. மணியை அடித்து ஹெட் கிளார்க்கைக் கூப்பிடுவார். ஹெட் கிளார்க் உள்ளே போய்க் கால்மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து என்னிடம் சொல்வார்:

“தம்பி, மெஷின்ல பேப்பர் ஏத்து. அஞ்சு கார்பன்.”

அஞ்சு கார்பன் என்ற சொல் காதில் விழுந்ததும் அலுவலகம் கப்சிப்பென்று ஆகிவிடும். யாருக்கு என்று கேட்கமாட்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்க வருவார்கள்.

அந்த ஹெட் கிளார்க்கை எல்லாரும் அண்ணாச்சி என்போம். கண்டன ஆங்கிலத்தில் அவரை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் கிடையாது. பக்கத்து ஆபீஸ்களிலிருந்துகூட டிராஃப்டைத் தூக்கிக்கொண்டு வந்து “கொஞ்சம் உறைப்பு ஏத்திக் கொடுங்க அண்ணாச்சி” என்று நிற்பார்கள். அவரிடம் ஒரு படிவரிசை இருந்தது. ‘இட் இஸ் நோட்டட்’ என்பது அடிப்படி. அதற்கு மேலே ‘நோட்டட் வித் ரிக்ரெட்’. பிறகு ‘வித் டிஸ்ப்ளெஷர்’. அதையும் தாண்டினால் ‘வியூட் சீரியஸ்லி’, ‘வியூட் வெரி சீரியஸ்லி’. உச்சாணியில் ‘கிராஸ் அண்ட் வில்ஃபுல் டெரிலிக்‌ஷன் ஆஃப் டியூட்டி’. இந்தக் கடைசிச் சரத்தை அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்கும்போது எனக்கே உடம்பு விறைத்துக்கொள்ளும். சாட்டப்பட்டவரோ, பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஜமாபந்திக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருப்பார்.

அழுத்தம் கொடுப்பது என்றால் அப்போதெல்லாம் உண்மையிலேயே அழுத்தம். ஒரு வார்த்தைக்கு அடிக்கோடு போட வேண்டுமென்றால் கேரியேஜைப் பின்னால் தள்ளி, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து கோடு கோடாய்த் தட்ட வேண்டும். ‘வெரி’க்கு நாலு தட்டு. ‘டெரிலிக்‌ஷன்’ என்றால் விரல் கழன்றுவிடும். இரண்டு வண்ண ரிப்பன் உள்ள மெஷினாக இருந்தால் நெம்புகோலைத் திருப்பிச் சிவப்பிலும் அடிக்கலாம். அதற்கு ஆபீசர் தனியாக உத்தரவிட வேண்டும். ஐந்தாவது கார்பன் நகலில் அந்தச் சிவப்பு, அந்த அடிக்கோடு, அந்த ஆவேசம் எல்லாம் வெளிறிய புகையாய் இறங்கியிருக்கும். மேலிடத்துக்கு நல்ல நகல் போகும். குற்றவாளிக்கு அந்தக் கடைசி நகல்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் தன்னை என்ன திட்டியிருக்கிறார்கள் என்று அவர் படித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பியூன் ஒருவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. ஆனால் மெமோவின் கனத்தை அவரைப்போல எடைபோட்டவர் இல்லை. ஒருநாள் அவருக்கே ஒன்று வந்தது. என்னிடம் நீட்டினார்.

“எத்தனை வெரி போட்டிருக்காவ?”

“ரெண்டு.”

“அப்பம் ஒண்ணும் பண்ணமாட்டாவ.”

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டார். அவர் சொன்னதுபோலவே ஒன்றும் பண்ணவில்லை.

இந்த ரகசியத்தை அண்ணாச்சி பிறகு எனக்கு விளக்கினார். தமிழ்நாடு குடிமைப் பணி ஒழுங்கு விதிகளில் 17 ஏ, 17 பி என்று இரண்டு வாசல்கள். ஏ என்றால் சிறு தண்டனை, விளக்கம் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம். பி என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை அதிகாரி, சாட்சி, வேலையே போகலாம். 17 பி எழுதுகிறபோது மட்டும் அண்ணாச்சியின் கை அடியோடு மாறிவிடும். ‘வெரி’ போகும், ‘கிராஸ்’ போகும், ‘வில்ஃபுல்’ போகும். இன்ன தேதி, இன்ன கோப்பு, இத்தனை நாள் தாமதம், இத்தனை ரூபாய் வித்தியாசம். சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுதுவார்.

“வில்ஃபுல்னு ஒரு வார்த்தையப் போட்டுட்டா, அவன் வேணும்னேதான் செஞ்சான்னு நாமதான் தம்பி ருசுப்படுத்தணும். அவன் மனசுக்குள்ள போயி யாரு பாக்கது? தேதியப் போட்டா கோப்பே சாட்சி சொல்லும்.”

ஆக, தண்டிக்க மனமில்லாத ஆபீசர்தான் வெரி போடுவார். தண்டிப்பவர் தேதி போடுவார். என் சர்வீஸ் முழுக்க இதற்கு விலக்கு நான் கண்டதில்லை. இன்னொன்றும் உண்டு. ‘ஸிவியர்லி வார்ன்ட்’ என்று எச்சரிப்பது எவ்வளவு காரமாக இருந்தாலும் விதிகளில் உள்ள தண்டனைப் பட்டியலில் எச்சரிக்கை என்று ஒன்று கிடையாது. பட்டியலில் முதலில் இருப்பது ‘சென்ஷர்’. முன்னால் பின்னால் ஒரு அடைமொழியும் இல்லாமல் மொட்டையாய் வரும். வாங்கியவருக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றாது. பிரமோஷன் பேனல் போடும்போது பணிப்பதிவேட்டிலிருந்து எழுந்து உட்காரும்.

அண்ணாச்சிக்கு இந்த ஆங்கிலம் வந்த வழி பாளையங்கோட்டைக் கல்லூரியில் பி.ஏ. வாசித்த வழி. 1841-ல் மெக்காலே எழுதிய ‘வாரன் ஹேஸ்டிங்ஸ்’ கட்டுரை அவர்கள் காலத்துப் பாடம். அதைப் படித்தவர், ஹேஸ்டிங்ஸ்மேல் வழக்காடிய பிரிட்டிஷ் பார்லிமென்ட் உறுப்பினர் எட்மண்ட் பர்க்கிடம் போகாமல் இருக்க முடியாது. பர்க் பெயரைச் சொன்னாலே அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அவருக்கு அது குலதெய்வம் மாதிரி. மெமோ ஆங்கிலத்துக்கு வம்சாவளி எழுதினால் அங்கேதான் போய் முட்டும் என்று நானும் நம்புகிறேன்.

பர்க்கின் பேச்சில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே கொள்ளை வட்டிக்குக் கடன் வாங்கிக் குவித்திருந்தார். கொடுத்தவர்களில் பெரும்புள்ளி பால் பென்ஃபீல்டு. கடன் உண்மையா, கற்பனையா என்று விசாரிக்காமலே கர்நாடகத்து வரிப்பணத்திலிருந்து அதை அடைக்க லண்டனில் உத்தரவானது. வரி என்றால் ஆற்காட்டிலிருந்து நம் தென்சீமைவரை ஏர் பிடித்தவன் கட்டிய காசு. 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் காமன்ஸ் சபையில் எழுந்து இதைப் பிய்த்து எறிந்தார். ஆங்கிலத்தில் அதற்குமேல் கடுமையாக ஓர் ஆட்சியைச் சாட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நம் ஊர் வறண்ட கண்மாய்களுக்காக, நம் ஊரைக் கண்ணாலும் பார்க்காத ஒருவர், அப்படிப் பேசினார். பேசி முடித்தார். ஓட்டெடுப்பில் தீர்மானம் தோற்றது. பென்ஃபீல்டு வகையறாவின் கடன் அடைக்கப்பட்டது.

அந்த நவாப் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையில்தான் பிற்காலத்தில் ரெவின்யூ போர்டு உட்கார்ந்தது. 1980-ல் போர்டைக் கலைக்கும்வரை எங்களுக்கு வந்த சூடான கடிதங்கள் பலவும் அந்த வளாகத்திலிருந்து கிளம்பியவைதாம். கடன் வாங்கிய வீட்டிலேயே கண்டனம் குடியேறிவிட்டது.

கம்பெனியின் கவர்னர் ஜெனரலாய் இருந்த ஹேஸ்டிங்ஸ்மேல் நடந்த வழக்கு இதைவிடப் பெரிய கூத்து. 1788 பிப்ரவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் ஆரம்பித்தது. பர்க் நாலு நாள் பேசினார். அப்புறம் ஷெரிடன். உள்ளே போய்க் கேட்க அனுமதிச் சீட்டுக்கு ஊரே அலைந்தது. சீமாட்டிகள் கைக்குட்டையோடு வந்தார்கள். ஏழு வருடம் ஓடியது. 1795 ஏப்ரலில் ஹேஸ்டிங்ஸ் குற்றமற்றவர் என்று பிரபுக்கள் சபை விடுவித்தது. கம்பெனி அவருக்கு வருடத்துக்கு 4,000 பவுன் உதவித்தொகை கொடுத்தது. இதை நான் ஒருமுறை அண்ணாச்சியிடம் சொன்னேன். “அதுல என்ன தம்பி? பர்க் ஒரு அடைமொழி விடல. அத்தனையும் ருசுப்படுத்த முடியுமா?” என்றார். குலதெய்வத்துக்கும் அவரிடம் 17 பி விதிதான்.

ஆங்கிலக் கண்டனத்துக்கு நம் ஊரில் பலன் கிடைத்த சந்தர்ப்பமும் உண்டு, மறைக்கக் கூடாது. 1878-ல் டி. முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தபோது வெள்ளைக்காரப் பத்திரிகைகள் ஓர் இந்தியரா என்று தாம்தூம் என்று குதித்தன. அதற்குப் பதில் சொல்ல ஜி. சுப்பிரமணிய ஐயரும் சிநேகிதர்களுமாய் ஆறு பேர், ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 பிரதி அச்சடித்தார்கள். ‘தி ஹிந்து’ பிறந்தது. முத்துசாமி ஐயர் நீதிபதியாகவே நீடித்தார். இரண்டு பக்கமும் ஆங்கிலத்தில் கத்தியதில் ஒரு நல்ல பத்திரிகை மிச்சம். எனக்குத் தெரிந்து லாபக் கணக்கில் முடிந்த சண்டை இது ஒன்றுதான்.

தந்தியை விட்டுவிட்டேனே. அகவிலைப்படி நிலுவை என்றால் எங்கள் சங்கத்திலிருந்து கோட்டைக்குக் கண்டனத் தந்தி போகும். தந்திக்கு வார்த்தைக் கணக்கில் காசு. செயலாளர் ‘ஸ்ட்ராங்லி அண்ட் அன்ஈக்விவோக்கலி கண்டெம்’ என்று எழுதிக்கொண்டு வருவார். பொருளாளர் ஒரு நாடார் அண்ணாச்சி, கடைக்கணக்குப் பார்த்து வளர்ந்தவர். பென்சிலால் மூன்றை அடிப்பார். “கண்டிச்சா போதாதா? வன்மையா வேற கண்டிக்கணுமாக்கும்? யாரு வீட்டுத் துட்டு?” கடைசியில் ‘கண்டெம்’ மட்டும் தன்னந்தனியாய்க் கோட்டைக்குப் போகும். கோபத்துக்கு விலை வைத்திருந்த காலம் அது. 2013 ஜூலை 14-ம் தேதி இரவோடு தந்தியை மூடினார்கள். அன்றிலிருந்து ‘ஸ்ட்ராங்லி’ இலவசம்.

இப்போது நான் சென்னைப் புறநகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். அடுக்குமாடி. குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் காலை ஆறு மணிக்கு முதல் கண்டனம் விழும். லிஃப்டில் யாரோ வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டார்கள். ‘ஷாக்கிங்.’ ‘அப்ஸொல்யூட்லி டிஸ்கஸ்டிங்.’ ‘திஸ் இஸ் தி லிமிட்.’ எல்லாம் பெரிய எழுத்தில், ஆச்சரியக்குறிகள் வரிசைகட்டி நிற்க. நான் டைப்பிஸ்ட் கண்ணால் பார்க்கிறேன்: இத்தனைக்கும் அடிக்கோடு போடச் சொல்லியிருந்தால் என் விரல் என்ன ஆகியிருக்கும்? தோலை எடுத்துப் போட ஆகும் நேரம் அரை நிமிடம். கண்டனம் ஒன்பதரை வரை போனது. அதற்குள் வேலைக்கு வந்த அம்மா பெருக்கித் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

பழைய படிவரிசை என்ன ஆயிற்று என்று தேடினால் அடிப்படிகள் எல்லாம் உடைந்துவிட்டன. ‘நோட்டட் வித் ரிக்ரெட்’ என்று யாரும் தொடங்குவதில்லை. எடுத்த எடுப்பில் உச்சாணிதான். பிரியாணியோடு வெங்காயப் பச்சடி வைக்க மறந்த கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, ‘வொர்ஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ் எவர்’. ‘எவர்’ என்றால் பிறந்ததிலிருந்து. பச்சடி வராததுதான் இவருக்கு வாழ்நாளில் நேர்ந்த ஆகப்பெரிய துன்பம் என்றால் கொடுத்துவைத்தவர். கடைக்காரரும் சளைத்தவரல்ல, ‘வீ ஆர் எக்ஸ்ட்ரீம்லி சாரி’ என்று தயாராய் வைத்திருக்கும் பதிலை ஒட்டுகிறார். எலி கிடந்தது என்று எழுதியவருக்கும் அதே ‘எக்ஸ்ட்ரீம்லி’.

என் மகள் தரமணிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டீம் லீட். அவள் உலகம்தான் எனக்குப் பிடிபட்டது. ஒரு ராத்திரி சாப்பிடாமல் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, யாராவது திட்டிட்டாங்களா?”

“திட்டினாப் பரவாயில்லப்பா. ‘ஜென்டில் ரிமைண்டர்’னு போட்டிருக்கான்.”

பிறகு விளக்கினாள். பெரிய எழுத்தில் கத்துகிறவனைப் பற்றி அவர்கள் அலட்டிக்கொள்வதில்லையாம். அவன் மறுநாள் காபிக்குக் கூப்பிடுவான். ‘ஆஸ் பர் மை லாஸ்ட் மெயில்’ என்று வந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். ‘ஜென்டில் ரிமைண்டர்’ வந்து, சிசி-யில் மேலதிகாரி இருந்தால் சாப்பாடு இறங்காது. சிசி என்றால் என்ன என்று கேட்டேன். “கார்பன் காப்பிப்பா” என்றாள். அஞ்சு கார்பன்! இத்தனை வருடம் கழித்து, கார்பனே இல்லாத ஊரில்!

அவர்களிடமும் ஒரு 17 பி இருக்கிறது. அதற்கு ‘பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான்’ என்று பெயர். கேட்டால் டியூஷன் சென்டர் விளம்பரம் என்று நினைத்துவிடுவோம். உள்ளே ஒரு கடுஞ்சொல் கிடையாது. ‘சப்போர்ட்’, ‘குரோத்’, ‘லெட்ஸ் கனெக்ட்’ என்று தேனாய் வழியும். கூடவே தேதி போட்ட ஒரு பட்டியல்: இதற்குள் இது, அதற்குள் அது. அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் அன்று ராத்திரியே வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுகிறார்கள் என்றாள் மகள். அண்ணாச்சி இருந்திருந்தால் அந்த டிராஃப்டை எழுதியவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் மூடி ஒன்று உடைந்து வாய் பிளந்து கிடந்தது. பால் பாக்கெட் போட வருகிற பையன் ஒருநாள் சைக்கிளோடு அதில் இறங்கிவிட்டான். நல்லவேளை, முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. குழு கொதித்தது. செயலாளர் ‘ஸ்ட்ராங்லி வேர்டட் லெட்டர்’ ஒன்று அனுப்புவதாக அறிவித்தார். இந்தக் காலத்துச் செயலாளருக்கு அண்ணாச்சி தேவையில்லை. கைப்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவிடம் ‘ஸ்ட்ராங்காக எழுது’ என்றார். எழுதியது. ‘இன்னும் ஸ்ட்ராங்காக’ என்றார். அதுவும் ஆயிற்று. மூன்று நிமிடத்தில் ஒன்றரைப் பக்கம். ‘அப்பாலிங்’, ‘கிரிமினல் நெக்லிஜன்ஸ்’, ‘அன்கான்ஷனபிள் அபதி’. படித்துப் பார்த்தேன். பர்க் தோற்றார். மூடி எந்தத் தெருவில், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே இருக்கிறது என்பது மட்டும் அதில் இல்லை. அனுப்பிய மறுவிநாடி பதில் வந்தது: ‘உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியமானது.’ அதையும் ஓர் இயந்திரம்தான் எழுதியிருக்க வேண்டும். இரண்டு இயந்திரங்களும் ஒன்றுக்கொன்று மரியாதை செலுத்திக்கொண்டதில் சில வாரங்கள் போயின. மூடி அப்படியே இருந்தது.

நான் ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர். இன்ன தேதியில் இன்ன எண்ணில் பதிவான புகார் மீது எடுத்த நடவடிக்கை என்ன? அது எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது? அவர்கள் பதவி என்ன? மூடி மாற்றுவதற்கான மதிப்பீட்டின் நகல் தருக. பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிப் பதிவுத் தபாலில் போட்டேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராமல் இழுத்தடித்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அந்த அலுவலரின் சொந்தப் பையிலிருந்து தகவல் ஆணையம் பிடிக்கலாம். இதை நான் மனுவில் எழுதவில்லை. வாங்குகிறவருக்குத் தெரியும்.

தபால் சேர்ந்த சில நாளில் ஒரு டிராக்டர் வந்தது. புது கான்கிரீட் மூடியை இறக்கி வைத்துப் பூசிவிட்டுப் போனார்கள்.

குழுவில் அன்று கொண்டாட்டம். ‘அமேஸிங்’, ‘அவுட்ஸ்டாண்டிங்’, ‘ஹாட்ஸ் ஆஃப்’. பாராட்டுக்கும் அடிப்படி கிடையாது போலிருக்கிறது. செயலாளரின் ‘ஸ்ட்ராங்லி வேர்டட் லெட்டர்’தான் அதிகாரிகளை உலுக்கிவிட்டது என்று ஏகமனதாய் முடிவாயிற்று. குடியரசு தினத்தன்று கொடியேற்றிய கையோடு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நன்றாகவே கைதட்டினேன்.

அடுத்த வாரம் என் மனுவுக்குப் பதில் தபாலில் வந்தது. மனுதாரர் குறிப்பிட்ட வடிகால் மூடி மாற்றப்பட்டுவிட்டது என்று ஒரே வரி. கீழே கையொப்பம், பதவி, தேதி.